ராமானுஜன் தவறவிட்ட எண்



"மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுடா" என்று நமது மாணவர் பேரவைச் செயலாளர் மூன்று வாரமாக என்னைத் துரத்திக்கொண்டிருந்தார். கவிதை எனக்கு வராது. காதல் கவிதை எழுத எலெக்ட்ரானிக்ஸ் பிராஞ்சில் ஏகப்பட்ட பேர் இருக்கிறார்கள். அரசியல் எழுதினால் மலர்க் குழுவில் பாஸ் ஆகாது. ஆகவே ஓர் எண்ணைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இது கணக்குப் பாடம் அல்ல, நம் எல்லோருடைய ரெக்கார்டு நோட்டைப் பற்றிய விஷயம்.

எண் இதுதான்: 6746328388800.

பதிமூன்று இலக்கம். நம் ஊர்ப் பாணியில் சொன்னால் 6 லட்சத்து 74 ஆயிரத்து 632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800. வ. புதுப்பட்டியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் இதை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அப்பா எட்டிப் பார்த்தார். "என்னய்யா இது, யாரு யாருக்குத் தரவேண்டிய கடன்?" என்று கேட்டார். கடன் இல்லைப்பா, கும்பகோணத்துக்காரர் ஒருத்தர் போட்ட கணக்கு என்றேன். "சரி, சாப்பிட வா" என்று போய்விட்டார்.

அந்தக் கும்பகோணத்துக்காரர் ராமானுஜன். அவரிடம் நான் எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். கொஞ்சம் வெட்கக்கேடான கதைதான்.

கடைசிப் பல்

போன வருடம் ஒர்க்‌ஷாப்பில் எங்களுக்குக் கியர் வெட்டும் பயிற்சி. மில்லிங் மெஷினில் இண்டெக்சிங் ஹெட் வைத்து, வார்ப்பிரும்பு பிளாங்க்கில் 28 பல் வெட்ட வேண்டும். மெக்கானிக்கல் அல்லாத நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: இண்டெக்சிங் ஹெட்டின் கிராங்க்கை 40 சுற்று சுற்றினால் பிளாங்க் ஒரே ஒரு சுற்று சுற்றும். 28 பல் வேண்டும் என்றால் 40ஐ 28ஆல் வகுக்க வேண்டும். விடை ஒன்று, மீதி பன்னிரண்டு. அதாவது ஒரு முழுச் சுற்றும், ஏழில் மூன்று பங்கும். 21 துளை உள்ள வட்டத்தை எடுத்துக்கொண்டால் ஏழில் மூன்று என்பது 9 துளை. ஆக ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு சுற்று, 9 துளை. அவ்வளவுதான் கணக்கு. ஆறாம் வகுப்புப் பையன் போட்டுவிடுவான்.

நான் போடவில்லை. சீனியர் அண்ணன் ஒருவரின் ரெக்கார்டு நோட்டு கையில் இருந்தது. அதில் "ஒரு சுற்று, 8 துளை" என்று இருந்தது. அந்த அண்ணன் வேறு யாருடைய நோட்டைப் பார்த்து எழுதினாரோ, 9 எந்தக் கையில் 8 ஆனதோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். நான் 8 துளையிலேயே வெட்டினேன்.

ஒவ்வொரு பல்லிலும் குறைந்தது ஒரே ஒரு துளை. கண்ணுக்கே தெரியாது. ஆனால் 28 தடவை குறைந்தால் 28 துளை, அதாவது கிராங்க்கில் ஒன்றே கால் சுற்றுக்கும் மேல். கிராங்க்கின் ஒரு சுற்றுக்குப் பிளாங்க் 9 டிகிரி திரும்பும். மொத்தத்தில் 12 டிகிரி மிச்சம் விழுந்துவிட்டது. 27 பல் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. 28ஆவது பல் மட்டும் மூன்று பல் தடிமனுக்குக் கடோத்கஜன் மாதிரி நின்றது.

சார் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"40ஐ 28ஆல நீயே வகுத்துப் பாத்தியாடா?"

தலையைக் குனிந்துகொண்டேன். பின்னால் நின்ற நண்பர்கள் சிரித்தார்கள். இதில் இன்னொரு கொடுமை, அப்போது எனக்கு முதலாம் ஆண்டுக் கணக்கு அரியர் வேறு பாக்கி இருந்தது. "கணக்கே வராத நமக்கு இந்தப் படிப்பு எதுக்கு, பேசாம ராஜபாளையத்துல ஏதாவது மில்லுக்கு வேலைக்குப் போயிடலாமா" என்றுகூட அன்றைக்கு பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். பொய் சொல்லவில்லை.

வகுபடுவது ஒரு வசதி

அந்த வாரம் நூலகத்தில் கணக்குப் புத்தகம் தேடும்போதுதான் ராமானுஜனைப் பற்றிய புத்தகம் ஒன்று கிடைத்தது. ராமானுஜன் என்றால் நமக்கெல்லாம் 1729 தெரியும். டாக்சி நம்பர் கதை தெரியும். ஆனால் அவர் ஒரு முழு ஆராய்ச்சிக் கட்டுரையை, நான் ஒர்க்‌ஷாப்பில் கோட்டைவிட்ட அதே விஷயத்தைப் பற்றி எழுதியிருக்கிறார் என்று எனக்கு அதுவரை தெரியாது. அதாவது, எந்த எண் எத்தனை எண்களால் மீதியின்றி வகுபடும் என்பதைப் பற்றி.

யோசித்துப் பாருங்கள். ஒரு டஜன் ஏன் 12? பத்து என்று வைத்தால் எண்ணச் சுலபம். ஆனால் 10ஐ 1, 2, 5, 10 என நான்கு எண்களால்தான் வகுக்க முடியும். 12ஐ 1, 2, 3, 4, 6, 12 என ஆறு எண்களால் வகுக்கலாம். பங்கு போடுகிறவனுக்கு 12தான் வசதி. மணிக்கு 60 நிமிடம்: 60க்கு 12 காரணிகள். வட்டத்துக்கு 360 டிகிரி: 360க்கு 24 காரணிகள். 100க்கு ஒன்பதுதான். கிரேக்க ஞானி பிளேட்டோ தன் 'சட்டங்கள்' நூலில், ஒரு நல்ல நகரத்தில் 5040 குடும்பங்கள் இருக்க வேண்டும் என்று சொன்னார். காரணம் இதேதான். 5040க்கு அதையும் சேர்த்து 60 காரணிகள் உண்டு, ஒன்றிலிருந்து பத்து வரை எல்லாவற்றாலும் வகுபடும். எப்படி வேண்டுமானாலும் பிரித்து வேலை கொடுக்கலாம்.

நம் பாட்டன்மார்களின் கணக்கும் இப்படித்தான். கால், அரைக்கால், மாகாணி, மா, காணி என்று போய் முந்திரியில் நிற்கும். முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. அரை, கால், அரைக்கால், ஐந்தில் ஒன்று எல்லாம் முந்திரிக் கணக்கில் கச்சிதமாக வந்துவிடும். மூன்றில் ஒன்று மட்டும் வராது, ஏனென்றால் 320 மூன்றால் வகுபடாது. சந்தேகம் இருந்தால் வகுத்துப் பாருங்கள்.

தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு காரணிகளை வைத்திருக்கும் எண்ணுக்கு ராமானுஜன் 'ஹைலி காம்போசிட் நம்பர்' என்று பெயர் வைத்தார். நாம் 'அதிகம் வகுபடும் எண்' என்று சொல்லிக்கொள்வோம். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என்று அந்த வரிசை போகும். வெறும் கையால், காகிதத்திலும் சிலேட்டிலும் போட்டு, நூறுக்கும் மேற்பட்ட இப்படிப்பட்ட எண்களை ராமானுஜன் அட்டவணையாக்கினார். அந்த அட்டவணையின் கடைசி எண்தான் முதலில் நான் எழுதிய 6746328388800.

எண்ணைப் பிரித்துப் போடுவோம்

கியர் பாக்ஸைக் கழற்றிப் பார்த்தால்தான் நமக்குத் திருப்தி. எண்ணையும் கழற்றுவோம். பகா எண்களாகப் பிரித்தால்:

2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23

இதன் காரணிகளை எண்ண ஒவ்வொன்றாக எழுத வேண்டியதில்லை. காரணி ஒன்றை உருவாக்கும்போது, 2ஐ எடுக்காமலே விடலாம், அல்லது ஒன்றிலிருந்து ஆறு தடவை வரை எடுக்கலாம். மொத்தம் 7 வழி. 3க்கு 5 வழி. 5க்கு 3, 7க்கு 3. மற்ற ஐந்து பகா எண்களுக்கும் எடு அல்லது விடு, இரண்டிரண்டு வழி. 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 × 2 = 10,080. ஆம், இந்த ஒரே எண் 10,080 எண்களால் மீதியின்றி வகுபடும்! ஒன்றிலிருந்து 28 வரை எந்த எண்ணாலும் வகுபடும். 29இல்தான் முதல் முறையாகத் தடுக்கும். இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் 10,080 காரணிகள் கிடையாது.

அடுக்குகளைக் கவனித்தீர்களா? 6, 4, 2, 2, 1, 1, 1, 1, 1. இறங்கிக்கொண்டே வருகிறது, எங்கேயும் ஏறவில்லை. ஏன் என்று நாமே நிரூபித்துவிடலாம். 18ஐ எடுங்கள். அது 2 × 3². காரணிகள் ஆறு. இப்போது அடுக்குகளை இடம் மாற்றுங்கள்: 2² × 3 = 12. இதற்கும் காரணிகள் ஆறுதான், ஆனால் எண் சின்னதாகிவிட்டது. ஆகவே 18 போட்டியில் தோற்றது. பெரிய பகா எண்ணுக்குப் பெரிய அடுக்குக் கொடுத்தால் வீண் செலவு. இடையில் ஒரு பகா எண்ணைத் தாண்டிப் போனாலும் அதே வீண் செலவுதான். கடைசிப் பகா எண்ணின் அடுக்கு எப்போதும் ஒன்றுதான், 4க்கும் 36க்கும் மட்டும் விதிவிலக்கு என்பதையும் ராமானுஜன் நிரூபித்தார்.

இதைப் படித்தபோது என் அரியர் பயம் பாதி போய்விட்டது என்றால் நம்புவீர்களா? மந்திரம் எதுவும் இல்லை. வகுத்தலும் பெருக்கலும்தான். பொறுமைதான் நம்மிடம் இல்லை.

விட்டுப்போன ஒன்று

இனிமேல்தான் விஷயமே.

நான் படித்த புத்தகத்தில் ஓரமாக ஒரு செய்தி இருந்தது. ராமானுஜனின் அந்த அட்டவணையில் ஓர் எண் விட்டுப்போய்விட்டது! வரிசையில் வந்திருக்க வேண்டிய 293318625600 என்ற எண் அதில் இல்லை. 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600.

நம்ப முடியவில்லை. ராமானுஜனா? தப்பா? அன்றிரவு திண்ணையில் உட்கார்ந்து அந்த எண்ணைப் பிரித்தேன். 2ஆல் வகு, 2ஆல் வகு என்று ஆரம்பித்து, பழைய ரெக்கார்டு நோட்டின் பின்பக்கம் நிறைய வகுத்தேன். இரண்டு தடவை தப்பாகி மூன்றாவது தடவை வந்தது:

2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19

மேலே உள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கடைசியில் இருந்த 23 மட்டும் இல்லை, மற்றதெல்லாம் அதேதான். அதாவது ராமானுஜன் தவறவிட்ட எண்ணை 23ஆல் பெருக்கினால், அவருடைய அட்டவணையின் கடைசி எண் வருகிறது! கால்குலேட்டரில் போட்டேன். பத்து இலக்கத்துக்கு மேல் காட்டாமல் வாலை விழுங்கிவிட்டது. கையால் பெருக்கினேன். 6746328388800. கச்சிதம். தொலைந்த சாவி, கடைசி அறையிலேயே மாட்டியிருந்த மாதிரி இருந்தது.

காரணிகள் எத்தனை? 23 போனதால் ஒரு 2 போயிற்று. 10,080இல் பாதி, 5040. பிளேட்டோ சொன்ன அதே 5040. இது தற்செயல்தான், ஆனாலும் அந்த ராத்திரியில் எனக்குப் புல்லரித்துவிட்டது.

என் கருத்து

இப்போது சிலர் கேட்பீர்கள், "மேதையின் தப்பைத் தோண்டி எடுத்து என்னப்பா பெருமை?" என்று. பெருமைக்காகச் சொல்லவில்லை. மூன்று விஷயங்களுக்காகச் சொல்கிறேன்.

ஒன்று. ராமானுஜன் என்றதும் நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் வந்து சொன்னார் என்பதோடு நம்மில் பலர் நிறுத்திக்கொள்கிறோம். அது அவருடைய நம்பிக்கை, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. "அவருக்கு அருள் இருந்தது, நமக்கு இல்லை" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விடலாம். அட்டவணையில் ஒரு வரி விட்டுப்போயிருப்பதே, அது ஒரு மனிதர் உட்கார்ந்து கையால் போட்ட கணக்கு என்பதற்குச் சாட்சி. எனக்கு அவர் மேல் மரியாதை கூடியது அந்த வரியால்தான்.

இரண்டு. அரியர் வைத்திருக்கும் நண்பர்களுக்கு. "ராமானுஜனே எஃப்.ஏ.வில் ஃபெயில்தானடா" என்று கேன்டீனில் நாம் எல்லோரும் சொல்லியிருக்கிறோம், நானும்தான். உண்மைதான், மற்ற பாடங்களை அவர் கவனிக்கவில்லை, தேறவில்லை. ஆனால் ஃபெயில் ஆன நாட்களில் அவர் நோட்டு நோட்டாகக் கணக்குப் போட்டு வைத்திருந்தார். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் கிளார்க்காகச் சேர்ந்தபோதும் போட்டார். அந்தத் துறைமுகத்தின் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் ஓர் இன்ஜினியர். சென்னை இன்ஜினியரிங் கல்லூரியில் சிவில் பேராசிரியராக இருந்த கிரிஃபித் என்பவர்தான் ராமானுஜனின் கணக்குகளைப் பற்றி லண்டனுக்குக் கடிதம் எழுதினார். நம்ம ஆட்கள்! 1913இல் ஹார்டிக்கு ராமானுஜனே எழுதினார், 1914இல் கப்பல் ஏறினார், 1915இல் இந்தக் கட்டுரை லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் வந்தது. 1916இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் கொடுத்ததும் இந்த ஆராய்ச்சிக்குத்தான். எஃப்.ஏ. தேறாதவருக்குப் பி.ஏ.! ஃபெயில் ஆனதை மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டு, நோட்டை அங்கேயே விட்டுவிட்டு வருவது நியாயமா?

அந்தக் கட்டுரையிலும் ஒரு பகுதி அப்போது அச்சாகவில்லை. கழகத்துக்குப் பண நெருக்கடி. 32 வயதில் 1920இல் அவர் மறைந்தார். மிச்சப் பகுதி குறிப்புகளோடு அச்சாகி வந்தது 1997இல். உட்கார்ந்து சரிபார்த்து வெளியிட ஆட்கள் இருந்ததால்தான் அது வந்தது.

மூன்று. இதுதான் முக்கியம். ஒருவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், அவர் போட்ட கணக்கை நாம் ஒரு தடவை போட்டுப் பார்ப்பது அவமரியாதை ஆகாது. அட்டவணையை அப்படியே காப்பி அடித்தவனுக்கு அந்த எண் கடைசி வரை கிடைக்காது. போட்டுப் பார்த்தவனுக்குத்தான் கிடைக்கும். ராமானுஜனையே சரிபார்க்கலாம் என்றால், சீனியர் அண்ணனின் ரெக்கார்டு நோட்டு எம்மாத்திரம்?

நம் லேபில் என்ன நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். ரீடிங் எடுப்பதற்கு முன்பே ரீடிங் எழுதியாகிவிடும். கிராஃப் முதலில், புள்ளிகள் பிறகு. "டைம் இல்ல மாப்ள, சப்மிஷன் நாளைக்கு" என்போம். எனக்கும் டைம் இல்லாமல்தான் காப்பி அடித்தேன். நாளைக்கு ஒரு மில்லிலோ, பட்டறையிலோ, பவர் ஹவுஸிலோ போய் நிற்கும்போது, அங்கே மூன்று பல் தடிமன் விழுந்தால் சிரிப்பதற்கு நண்பர்கள் இருக்க மாட்டார்கள். யாருடைய கையாவது போயிருக்கும்.

அதற்காகத் தப்பே செய்யக் கூடாது என்று சொல்லவில்லை. ராமானுஜனின் அட்டவணையில் ஒன்று விட்டுப்போனதால் அவருடைய நிரூபணம் எதுவும் இடிந்து விழவில்லை. அவர் வழியைக் காட்டி வைத்திருந்தார், அந்த வழியில் போன மற்றவர்கள் விட்டுப்போனதை எடுத்து வைத்தார்கள். நான் கெடுத்த பிளாங்க் அப்படியா? அதில் வழி எதுவும் இல்லை. யாரோ எழுதிய 8 மட்டும்தான் இருந்தது. சொந்தமாக வகுத்துத் தப்பாகி இருந்தால்கூட சார் எங்கே தப்பு என்று சொல்லிக் கொடுத்திருப்பார்.

மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். 2012 முதல் டிசம்பர் 22, ராமானுஜன் பிறந்த நாள், தேசிய கணித தினம். படத்துக்கு மாலை போட்டு, பேச்சுப் போட்டி வைத்து, டிபன் பாக்ஸ் பரிசு கொடுப்பது எங்கும் நடப்பதுதான். இந்தத் தடவை கூடவே ஒன்று செய்வோம். நோட்டீஸ் போர்டில் 293318625600 என்று எழுதிப் போடுவோம். கால்குலேட்டர் இல்லாமல் பிரித்துக் காட்டுகிறவருக்கு அந்த டிபன் பாக்ஸைக் கொடுப்போம். விடை இந்த மலரிலேயே இருக்கிறதே என்கிறீர்களா? இருக்கட்டும். நான் எழுதியது சரியா என்று பார்க்கவாவது யாராவது வகுப்பார்கள் அல்லவா?

கடைசியாக ஜூனியர் தம்பி, தங்கைகளுக்கு. என் அரியர் இந்த ஏப்ரலில் கிளியர் ஆகிவிட்டது. கியரும் இரண்டாவது பிளாங்க்கில் ஒழுங்காக வந்தது, 28 பல்லும் ஒரே அளவு. என் ரெக்கார்டு நோட்டு வேண்டும் என்றால் தாராளமாகக் கேளுங்கள், தருகிறேன். ஆனால் அதில் எங்கோ ஒரு தப்பு நிச்சயம் இருக்கும். எது என்று எனக்கே தெரியாது. கண்டுபிடித்தவர்கள் மறக்காமல் வந்து சொல்லுங்கள்.

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு, வ. புதுப்பட்டி